வெர்டெல் கிரிக்ஸ்பி பஸ் ஏறாத வருஷம்

ஹேஸ்டன் ஊரில் வெர்டெல் கிரிக்ஸ்பியைப் போல நடப்பதற்கு அலுத்துக்கொள்கிற பெண்ணை நான் பார்த்ததில்லை. அவளுடைய முடி அலங்காரக் கடைக்கும் எங்கள் சர்ச்சுக்கும் நடுவே இரண்டே தெரு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த இரண்டு தெருவுக்காகவும் தொப்பியும் கையுறையுமாக பஸ்ஸுக்கு நிற்பாள். "ஆண்டவர் எனக்குக் கால் குடுத்தது நின்னு தலைவாரத்தான். நடக்கிறதுக்கு அவர் வேற ஆளுங்களைப் படைச்சிருக்காரு" என்பாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்றே செய்கிற தொழில் அது. ஆளும் கனத்த ஆள். பொழுது சாய்வதற்குள் கணுக்கால் இரண்டும் வீங்கிவிடும். அதனால் யாரும் அவளைக் குறை சொன்னதில்லை, கேலி மட்டும் செய்வோம்.

என் பெயர் ஆல்டன் பியூரிஃபாய். செங்கல்சூளைப் பக்கத்தில் எங்கள் ஜனங்களுக்கு அடக்க காரியங்கள் நடத்துகிறவன். அலபாமாவில் வெள்ளைக்காரர் சவத்தை வெள்ளைக்காரர் எடுப்பார்கள், கறுப்பர் சவத்தை நாங்கள் எடுப்போம். அந்தப் பிரிவினையில் எனக்கு ஒரே ஒரு சௌகரியம் உண்டு. எந்த வெள்ளைக்கார முதலாளியும் என்னைக் கூப்பிட்டு, நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று சொல்ல முடியாது. வெர்டெலுக்கும் அப்படித்தான். இரும்புச் சீப்பை அடுப்பில் சூடாக்கிச் சுருட்டை முடியை நீவிவிடச் சொல்லி அவளிடம் வருகிறவர்கள் எல்லாம் எங்கள் பெண்கள். மேட்டுப் பகுதியில் வெள்ளைக்காரர் வீடுகளில் சமைத்துத் துவைத்துப் பிள்ளை தூக்குகிறவர்கள். அவர்கள் வெளியே அடக்கி வைத்திருக்கும் பேச்செல்லாம் அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவிழ்ந்து விழும்.

அவள் புருஷன் டெட்ராய்ட்டுக்கு வேலை தேடிப் போனவன், அங்கேயே தங்கிவிட்டான். அதற்காக அவள் அழுது நான் பார்த்ததில்லை. கடையை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினாள், அவ்வளவுதான்.

ஊரின் மறுகோடியில் இருக்கும் என் அடக்க நிலையத்தில், இறந்துபோன பெண்களுக்குத் தலை அலங்காரம் செய்ய அவளைத்தான் கூப்பிடுவேன். உயிரோடு இருக்கிறவர்களிடம் பேசுவது போலவே அவர்களிடமும் பேசுவாள். "ஆடாம இரு கண்ணு, இதோ முடிஞ்சிருச்சு" என்று ஒரு பிரேதத்திடம் சொல்லிக்கொண்டே சீப்பை இழுப்பாள். முதல் முறை அதைக் கேட்டபோது யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். பிறகு பழகிவிட்டது.

1956ஆம் வருஷம் மே மாதம் ஒரு சனிக்கிழமை. லவினியா ஓட்ஸ் டீச்சர் காலமாகியிருந்தார். சூளைப் பக்கத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களில் பாதிப் பேர் அவரிடம் படித்தவர்கள்தான். மறுநாள் அடக்கம். வெர்டெல் காலையிலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தாள். மழை கொட்டிக்கொண்டிருந்தது. மதியம் நெருங்கியபோது கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். தொப்பியின் விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டியது. கையில் எதுவும் இல்லை.

"பெட்டி எங்கம்மா?" என்றேன். சீப்பு, எண்ணெய், ஊசி எல்லாம் வைத்திருக்கும் கறுப்புத் தோல்பெட்டி இல்லாமல் அவள் என் வாசலில் நின்றதே இல்லை.

"பஸ்ல போயிருக்கு அண்ணே. நான் இல்லாமலே."

எங்கள் ஊர் பஸ்ஸில் நாங்கள் முன் வாசலில் ஏறி டிரைவரிடம் காசு போட வேண்டும். பிறகு கீழே இறங்கி, வெளியே நடந்து பின் வாசலுக்குப் போய் ஏற வேண்டும். முன்னால் வெள்ளைக்காரருக்கு ஒதுக்கிய இருக்கைகள் வழியாக எங்கள் உடம்பு கடந்து போகக்கூடாது. வெர்டெல் குடையையும் பெட்டியையும் வைத்துக்கொண்டு காசு தேட முடியாமல், பெட்டியைக் காசுப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். காசைப் போட்டாள். இந்த மழையில் இப்படியே உள்ளே போய்விடட்டுமா என்று கேட்டாள். டிரைவர் காகின்ஸ் தலையை அசைத்து வெளியே காட்டினான். "பெட்டி இங்கேயே இருக்கட்டும், நான் பின்னாடி ஏறி வாங்கிக்கிறேன்" என்று சொல்லி இறங்கினாள். அவள் பின் வாசலை எட்டுவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. தெரியாமல் கிளம்பவில்லை. கண்ணாடியில் அவன் அவளைப் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

ஊருக்குக் குறுக்கே அத்தனை தூரமும் மழையில் நடந்து வந்திருக்கிறாள், நடக்கவே பிடிக்காதவள்.

என் மனைவியின் சீப்பை வாங்கி, எங்கள் வீட்டு அடுப்பில் சூடாக்கி, ஓட்ஸ் டீச்சருக்குத் தலை செய்தாள். அன்று அவள் அந்தப் பிரேதத்திடம் ஒன்றும் பேசவில்லை. எல்லாம் முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்:

"நாளைக்கு டீச்சர் அடக்கம் நல்லபடியா முடியட்டும். திங்கக்கிழமை போய் என் பெட்டியைக் கேக்கப் போறேன்."

"பஸ் கம்பெனி ஆபீஸ்லயா?"

"பஸ்ஸுலதான் அண்ணே. எங்க வெச்சேனோ அங்கதானே கேக்கணும்."

திங்கட்கிழமை அதே பஸ்ஸுக்கு நின்றாள். முன் வாசலில் ஏறிக் காசு போட்டாள், பெட்டியைக் கேட்டாள். எந்தப் பெட்டியையும் தான் பார்க்கவில்லை என்றான் காகின்ஸ். "இறங்கிப் பின்னாடி போ" என்றான்.

"பின்னாடி போனா வண்டி போயிடுதே சார்" என்று சொல்லிவிட்டு, அவனுக்கு நேர் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்துவிட்டாள். "பெட்டி வர்ற வரைக்கும் இங்கயே இருக்கேன். எனக்கு அவசரமில்ல."

இது எனக்கு அந்த பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்திருந்த ஐடெல்லா சொன்னது. ஐடெல்லா மேட்டுப் பகுதியில் ஒரு டாக்டர் வீட்டில் சமையல். அறுபது வயதைத் தாண்டியவள். "நான் சாமியைக் கும்பிட்டுக்கிட்டே இருந்தேன் தம்பி. அவ என்னடான்னா கையுறையை ஒவ்வொரு விரலா கழட்டி மடியில வெச்சிட்டு, ஜன்னல் வழியா வேடிக்கை பாக்குறா."

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். எழுந்திரு என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, கையையும் ஓங்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "நான் காசு குடுத்திருக்கேன் சார். என் பொருள் இங்க இருக்கு. நீங்க தூக்கினீங்கன்னா வர்றேன். நானா எந்திரிக்க மாட்டேன்." அவளைத் தூக்குவது சின்ன வேலையா? படியில் இறக்குவதற்குள் அந்த இரண்டு பேருக்கும் முகம் சிவந்து மூச்சு வாங்கியதாம். "பாத்து சார், இடுப்பு பிடிச்சுக்கப் போகுது" என்று இவள் சொன்னாளாம். பின்னால் இருந்தவர்களால் சிரிப்பை அடக்க முடியவில்லை. பஸ்ஸில் எங்கள் ஜனங்கள் அப்படி வாய்விட்டுச் சிரித்தது அதுவே முதல் தடவை என்றாள் ஐடெல்லா.

ஜாமீன் கட்டி அவளை வெளியே கொண்டுவர என் நீளமான கறுப்புக் காரில் போனேன். துக்க வீட்டாரைக் கல்லறைக்கு அழைத்துப் போகிற கார் அது. அதன் பின் இருக்கையில் ஏறிச் சாய்ந்து, தோலை ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"இவ்வளவு நல்ல சீட்டை அழுகிறவங்களுக்கு மட்டும் வெச்சிருக்கீங்களே அண்ணே."

அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

புதன்கிழமை சாயங்காலம் சர்ச்சில் கூட்டம். இடம் இல்லாமல் ஜன்னலுக்கு வெளியே எல்லாம் ஆட்கள். மாண்ட்கமரியில் எங்கள் ஜனங்கள் டிசம்பரிலிருந்து பஸ் ஏறாமல் இருப்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே முடியும் என்றால் இங்கேயும் முடியும் என்பதுதான் பேச்சு. பாஸ்டர் டிஸ்டேல் நிதானமான மனிதர். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் கையில் எடுப்பார்.

"ஏற வேண்டாம்னு கையைத் தூக்குறது சுலபம்" என்றார். "மேட்டுக்குச் சமைக்கப் போறவங்க எப்படிப் போவாங்க? பஞ்சு மில்லுக்குப் போறவங்க? அதை யோசிச்சீங்களா?"

"நடப்போம் பாஸ்டர்" என்று யாரோ கத்தினார்கள்.

வெர்டெல் எழுந்தாள். "நடக்கிறதைப் பத்தி நான் பேசினா கர்த்தரே சிரிப்பாரு" என்றாள். சபை முழுக்கச் சிரித்தது. அவள் காத்திருந்தாள். "கார் வெச்சிருக்கவங்க யார் யாருன்னு நமக்குத் தெரியும். பாஸ்டர்கிட்ட ஒண்ணு இருக்கு. பல் டாக்டர்கிட்ட ஒண்ணு. பெரிய காரா பாத்தா..." என்று நிறுத்தி, மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். "ஆல்டன் அண்ணன்கிட்ட ஏழு பேர் உக்கார்ற கார் ரெண்டு இருக்கு. சும்மாவே நிக்குது. செத்தவங்க ஒண்ணும் அவசரப்பட மாட்டாங்க."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. என் மனைவி ஒனீடா எனக்கு மட்டும் கேட்கிறபடி, "எந்திரிச்சு சரின்னு சொல்லுங்க. இல்லன்னா இனிமே இந்த ஊர்ல யாரும் உங்க கையால அடக்கம் பண்ணிக்க மாட்டாங்க" என்றாள். எழுந்து சரி என்றேன். கைதட்டல் அடங்க ரொம்ப நேரமாயிற்று.

வெளியே வந்ததும் வெர்டெலைப் பிடித்துக்கொண்டேன். "கார் சரி. ஓட்ட ஆள்? என்கிட்ட டிரைவர் ஓடிஸ் ஒருத்தன்தான் இருக்கான்."

"நான் ஓட்டுவேன்."

"நீ என்னத்த ஓட்டியிருக்க?"

"எங்க அப்பா பீச் பழ லாரி. பிரேக் இல்லாத லாரி அண்ணே அது. உங்க கார்ல பிரேக் இருக்குல்ல?"

மறுநாள் ஓட்டிக் காட்டினாள். என்னைவிட நன்றாக ஓட்டினாள். அதை அவளிடம் சொல்லவில்லை.

மறு திங்கட்கிழமை காலை சூளைத் தெரு நிறுத்தத்தில் பஸ் வந்து நின்று, யாரும் ஏறாமல் கிளம்பிப் போனது. காகின்ஸ் ஹாரனை அடித்துப் பார்த்தான். சர்ச் வாசலில் நின்றிருந்த பெண்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் முன்னால் என் கறுப்புக் கார் பளபளவென்று வந்து நின்றது. ஓட்டுகிற இடத்தில் ஊதாத் தொப்பியும் வெள்ளைக் கையுறையுமாக வெர்டெல். "மேட்டுப் பகுதி, டாக்டர் தெரு, ஆஸ்பத்திரி. ஏறுங்க ஏறுங்க. அழுகை வேண்டாம், இன்னிக்கு யாரும் சாகல" என்று கூவினாள்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. சவ ஊர்வலம் போனால், யார் வீட்டுச் சாவாக இருந்தாலும், எதிரே வருகிற கார்கள் ஓரமாக நின்றுவிடும். ஆண்கள் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொள்வார்கள். முன் விளக்கை எரியவிட்டுக்கொண்டு வருவதுதான் ஊர்வலத்துக்கு அடையாளம். முதல் வாரம் ஒரு நாள் நான் கடைத்தெருவில் நின்றிருந்தேன். வெர்டெலும் ஓடிஸும் ஓட்டிய என் இரண்டு கார்களும், பின்னால் பல் டாக்டரின் காரும், அதற்குப் பின்னால் பாஸ்டரின் பழைய காருமாகப் பட்டப்பகலில் விளக்கை எரியவிட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. வெள்ளைக்காரர் கார் எல்லாம் ஓரம் கட்டின. பாங்கியிலிருந்து வெளியே வந்த மூன்று கனவான்கள் தொப்பியைக் கழற்றித் தலை குனிந்து நின்றார்கள். கண்ணாடிக்கு உள்ளே டாக்டர் வீட்டுச் சமையல்காரி ஐடெல்லா, மடியில் சோற்றுப் பாத்திரத்தோடு, ராணி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து போனாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கோபமும் வந்தது. கார் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"விளக்கை எதுக்குப் போட்ட?"

"சிக்னல்ல நிக்காம போகலாம்ல. ஐடெல்லாக்காவுக்கு நேரமாச்சு."

"வெர்டெல், அவங்க தொப்பியைக் கழட்டுறது செத்தவங்களுக்காக. அந்த ஒரு மரியாதைதான் இந்த ஊர்ல நமக்கும் அவங்களுக்கும் பொதுவா இருக்கு. அதை வெச்சு வேடிக்கை பண்ணாத."

அவள் எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்று கைநீட்டி விளக்கை அணைத்தாள். பிறகு, "நீங்க சொல்றது சரி அண்ணே" என்றாள். அதற்குப் பிறகு விளக்கைப் போடவில்லை. ஆனால் என் கார்களைப் பார்த்தே பழகிய ஜனம் விளக்கு இல்லாமலும் தொப்பியைக் கழற்றிக்கொண்டுதான் இருந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அந்தக் கோடையில்தான் அவள் பெட்டி திரும்பி வந்தது. பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிற ரூஃபஸ் எங்கள் ஆள். சனிக்கிழமை வேலை முடிந்ததும் சாக்குத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அவள் கடைக்கு வந்தான். டிரைவர்கள் ஓய்வெடுக்கிற அறையில் கால் வைத்துக்கொள்ளப் போட்டிருந்தார்களாம். மேலே ஷூ தேய்த்த தடம். அவள் அதைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. "இப்ப பெட்டி கிடைச்சாச்சே, பஸ்ல ஏறுவியா?" என்று நான் சீண்டினேன். "பெட்டி மட்டும்தான் வந்திருக்கு அண்ணே" என்றாள்.

போலீஸ் சும்மா இருக்கவில்லை. வேகமாகப் போனாய், மெதுவாகப் போனாய், கையைச் சரியாகக் காட்டவில்லை என்று தினமும் ஒரு அபராதச் சீட்டு எழுதினார்கள். எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. எதிர்த்துப் பேசக்கூடாது, இறங்கு என்றால் இறங்க வேண்டும், அடித்தால் திருப்பி அடிக்கக்கூடாது. வெர்டெல் அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. ஆனால் நாக்கைக் கட்டிப்போட எந்தக் கட்டுப்பாட்டாலும் முடியாது. ஒரு நாள் நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு இளம் போலீஸ்காரர் காரை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது சவ ஊர்வலத்துக்குப் போற கார்தானே? சவம் எங்க?"

"இன்னிக்கு இல்ல சார்."

"அப்ப இவங்கெல்லாம் யாரு?"

"துக்கத்துல இருக்கிறவங்க சார்."

"யாரு செத்தது?"

"இன்னும் சாகல. பஸ் கம்பெனி இழுத்துக்கிட்டுக் கிடக்கு."

பின்னால் ஐந்து பெண்களும் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அவருக்கு அது அழுகையாகத் தெரிந்ததோ என்னவோ, ஒரு சீட்டை எழுதி நீட்டிவிட்டுப் போய்விட்டார்.

ஆகஸ்டில் அவள் கடை ஜன்னலில் செங்கல் விழுந்தது. காலையில் போய்ப் பார்த்தபோது முன்பக்கக் கண்ணாடி முழுக்கத் தரையில் கிடந்தது. அதற்குள் நாலைந்து ஆண்கள் துப்பாக்கியோடு வந்து வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களில் கோர்டெல் என்பவன் கொரியச் சண்டையில் இருந்து வந்தவன். "யாருன்னு எங்களுக்குத் தெரியும். நீ ஒரு வார்த்தை சொல்லு போதும்" என்றான்.

"துப்பாக்கியை வீட்ல வெச்சிட்டு வா கோர்டெல்."

"கை கட்டிட்டு சும்மா இருக்கச் சொல்றியா?"

"சும்மா இருக்கச் சொல்லல. பெருக்கச் சொல்றேன். அந்த மூலையில துடைப்பம் இருக்கு." பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள்: "நீ ஒரு குண்டு சுட்டேன்னு வை. நாளைக்குப் பேப்பர்ல செங்கல்லைப் பத்தி ஒரு வரி வராது. உன் குண்டைப் பத்தித்தான் வரும். அவங்க காத்துக்கிட்டு இருக்கிறதே அதுக்குத்தான். நாம ஏன் குடுக்கணும்?"

கோர்டெல் துப்பாக்கியிலிருந்து குண்டுகளைக் கழற்றினான். பிறகு துப்பாக்கியைப் பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்துவிட்டுத் துடைப்பத்தை எடுத்தான். அன்று காலை முதலில் வந்த பெண்ணுக்கு வெர்டெல் கண்ணாடி இல்லாத ஜன்னலுக்கு நேராகவே நாற்காலியைப் போட்டாள். "இன்னிக்கு நல்ல காத்தோட்டம்" என்று சொல்லிச் சீப்பைச் சூடாக்கினாள். ஆனால் தெருவில் ஒவ்வொரு கார் போகும்போதும் அவள் சீப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்ததை நான் கவனித்தேன். அவள் பயப்படாதவள் என்று பிற்பாடு பலர் பேசினார்கள். பயப்பட்டாள். பயத்தோடு வேலையும் பார்த்தாள்.

அக்டோபரில் நகர நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போய் ஒரு தடை வாங்கியது. அனுமதி இல்லாமல் ஆட்களை ஏற்றிப்போகக் கூடாது. என் கார்கள் சவ அடக்கத்துக்கு மட்டும்தான் ஓடலாம். கோர்ட்டு உத்தரவை மீற வேண்டாம், மேல் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் பாஸ்டர். "அதுவரைக்கும் நடப்போம். ஏறுறதில்ல."

மறுநாள் விடிந்ததும் சர்ச் வாசலுக்குப் போனேன். மேட்டுப் பகுதிக்குப் போகிற பெண்கள் எல்லாரும் நின்றிருந்தார்கள். முன்னால் வெர்டெல், தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு. அவள் கடை அவள் வீட்டுக்கு எதிரில் இருக்கிறது. மேட்டில் அவளுக்கு ஒரு வேலையும் இல்லை.

"நீ எங்க போற?" என்றேன்.

"இத்தனை நாளா இவங்களைக் கார்ல கூட்டிட்டுப் போனேன். இப்ப நடந்து கூட்டிட்டுப் போறேன். விட்டுட்டுத் திரும்பி வந்து கடையைத் திறப்பேன்."

"நீ என்கிட்ட வேலை பாக்குறவ. நீ மட்டும் என் கார்ல ஏறினா எந்த ஜட்ஜும் கேக்க முடியாது. பக்கத்துலயே ஓட்டிட்டு வர்றேன். ஏறு."

அவள் காரைப் பார்த்தாள், ஆசையாகவே பார்த்தாள். "வேண்டாம் அண்ணே. ஒரு தடவை ஏறினேன்னா இறங்க மனசு வராது. நீங்க போங்க."

அவள் வேகத்துக்கு மற்றவர்கள் நடையைக் குறைத்துக்கொண்டார்கள். ஒருத்தி கூட முந்திப் போகவில்லை. அந்த வாரம் மேட்டுப் பகுதி முழுக்கக் காலை ஆகாரம் தாமதமானது. ஐடெல்லா வேலை பார்த்த டாக்டர் வீட்டு அம்மாள் மூன்றாம் நாள் தானே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். ஐடெல்லா கதவருகே நின்று, "முன்னாடியா அம்மா, பின்னாடியா?" என்று கேட்டிருக்கிறாள். "எங்கயாவது ஏறித் தொலை ஐடெல்லா, வீட்ல இன்னும் யாரும் காப்பி குடிக்கல" என்றாளாம் அந்த அம்மாள். ஐடெல்லா முன்னால் ஏறி உட்கார்ந்தாள். அப்படி வேறு சில வீட்டு அம்மாள்களும் வர ஆரம்பித்தார்கள். மேயர் அவர்களைப் பேப்பரில் திட்டினார். தன் வீட்டுக்கு வந்து மேயரே துவைத்துக் கொடுப்பதானால் நிறுத்திக்கொள்வதாக ஒரு அம்மாள் அதே பேப்பரில் பதில் எழுதினாள்.

நவம்பரில் உச்ச நீதிமன்றம் மாண்ட்கமரி வழக்கில் தீர்ப்பு சொன்னது. பஸ்ஸில் நிறம் பார்த்து இடம் பிரிப்பது சட்டப்படி செல்லாது. டிசம்பர் கடைசியில் அது நடைமுறைக்கு வந்தது. எங்கள் ஊர் கம்பெனி ஏற்கெனவே ஓட்ட முடியாமல் பாதி வண்டிகளை நிறுத்திவைத்திருந்தது. எங்களுக்கும் அதே தீர்ப்புதான் என்று ஒரு சின்ன அறிவிப்பை ஒட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

மறுபடி ஏறுவதற்கு முன்னால் வெர்டெல் தன் கடையில் ஒத்திகை வைத்தாள். நாற்காலிகளை இரண்டிரண்டாக பஸ் மாதிரி போட்டு, பெண்களை உட்கார வைத்தாள். என்னை முரட்டு வெள்ளைக்காரனாக நடிக்கச் சொன்னாள். நான் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று, "எந்திரி இங்கிருந்து" என்றேன்.

"அண்ணே, இன்னும் கொஞ்சம் கெட்டவரா இருங்க. இப்படிக் கேட்டா எனக்குச் சிரிப்பு வருது."

"எந்திரிடீ" என்று கத்தி, அவள் தொப்பியைத் தட்டிவிட்டேன். அது அவள் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து தொப்பியை எடுத்து, தூசியைத் தட்டி, தலையில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்க்கத் தொடங்கினாள். "இவ்வளவுதான்" என்றாள் மற்றவர்களிடம். "திருப்பிப் பேசாதீங்க, எந்திரிக்காதீங்க. நாம ஜெயிச்சோம்னு காட்டிக்கவும் வேண்டாம். வேலைக்குப் போறோம், அவ்வளவுதான்."

அந்த முதல் நாள் நானும் போனேன். காகின்ஸ்தான் ஓட்டி வந்தான். கதவைத் திறந்துவிட்டுச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் ஒவ்வொருவராக ஏறிக் காசு போட்டு, நேராக உள்ளே நடந்தார்கள். எல்லாரும் ஏறிய பிறகு கடைசியாக வெர்டெல் ஏறினாள். "குட் மார்னிங்" என்றாள். அவன் திரும்பவில்லை. ஆனால் அவள் உட்காரும் வரை வண்டியை எடுக்கவுமில்லை. அவள் உட்கார்ந்த வரிசையில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "உக்காருங்க சார், இடம் நிறைய இருக்கு" என்றாள். அவர் மேட்டுப் பகுதி வரும்வரை நின்றுகொண்டே வந்தார்.

ஐடெல்லா மட்டும் நேராகக் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள். ஓர் இளம் பெண் பதறிப்போய், "என்னக்கா, இதுக்கா இத்தனை மாசம் நடந்தோம்?" என்றாள்.

"அந்த ஜன்னல்லதாண்டி நல்லா வெயில் விழும். எனக்கு முட்டி குளிருது."

அந்தப் பெண் எழுந்து போகப் பார்த்தாள். வெர்டெல் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "விடு. அப்ப அவங்க அனுப்பினாங்க. இன்னிக்கு அவளாப் போறா."

எல்லாம் அதோடு சரியாகிவிடவில்லை. ஜனவரியில் ஒரு பஸ்ஸின் மேல் யாரோ சுட்டார்கள். யாருக்கும் அடிபடவில்லை. கொஞ்ச நாள் இருட்டிய பிறகு பஸ்கள் ஓடவில்லை. எங்கள் ஜனங்கள் பகலில் ஏறிக்கொண்டேதான் இருந்தார்கள். வசந்த காலத்தில் பஸ் கம்பெனியிலிருந்து ஒரு மேனேஜர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வெர்டெலின் கடைக்கு வந்தார். முன்பு ஏறியவர்கள் எல்லாரும் இன்னும் திரும்பி வரவில்லை, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் வருவார்கள் என்றார்.

அவள் ஒரு பெண்ணின் முடியில் கையை வைத்திருந்தாள், எடுக்கவில்லை. "சூளைத் தெரு வண்டிக்கு எங்க ஆளு ஒருத்தரை டிரைவராப் போடுங்க. அப்புறம் பேசலாம்."

அவர் யோசிப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ரொம்ப வருஷம் யோசித்தார்கள். அவளும் அவர்கள் மறக்காதபடி, வருஷா வருஷம் பாஸ்டரையும் பல் டாக்டரையும் கூட்டிக்கொண்டு அந்த ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து வந்தாள். கடைசியில் இரண்டு பேரை எடுத்தார்கள். அதில் ஒருவன் என்னிடம் இருந்த ஓடிஸ். அவன் சீருடை போட்டுக்கொண்டு சூளைத் தெருவில் முதல் நாள் பஸ்ஸை ஓட்டி வந்தபோது தெருவே வெளியே வந்து நின்றது. எனக்கு மட்டும் தலைவலி. மறுநாள் ஒரு அடக்கம் இருந்தது, கார் ஓட்ட ஆள் இல்லை.

அன்று சாயங்காலம் வெர்டெல் என் நிலையத்துக்கு வந்தாள். தலை அலங்காரம் செய்ய யாரும் இல்லாத நாள் அது.

"ஓடிஸ் போயிட்டானாமே" என்றாள்.

"உன்னாலதான்."

"தெரியும். அதான் வந்தேன். சாவியைக் குடுங்க அண்ணே."

கொடுத்தேன். மறுநாள் காலை ஊதாத் தொப்பியோடு வந்து, ஊர்வலத்துக்கு முன்னால் அந்தக் காரை நிறுத்தி, விளக்கைப் போட்டாள்.